பன்னிரண்டு போர்ட்களையும் ஒதுக்கித் தள்ளுவதற்கு முன் ஒரு வார்த்தை



கொஞ்சம் நீளமான பதிவு. ஒரு பிளேன்ரீயோடு இருந்து வாசியுங்கள்.

எமது பாடசாலைக் கணினி அறைக்குப் புதிய சிறு கணினிகள் வாங்க நிதி சேர்ப்பது பற்றி அடுத்த பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் பேசப்படவிருக்கிறது. ஏற்கனவே இருக்கும் பன்னிரண்டும் "நெட் எடுக்காது, போர்ட் பழுது" என்று சொல்லி அலுமாரிக்குள் போய்விட்டன. கூட்டத்துக்கு வருமுன் பெற்றோரும் பழைய மாணவர்களும் விஷயத்தை விளங்கிக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறோம். எமது நிலைப்பாடு இதுதான்: அந்தப் பன்னிரண்டு போர்ட்களிலும் எந்தப் பழுதும் இல்லை. அவற்றுக்குள் எழுதப்பட்டிருந்த சில வரிகளில்தான் பிழை இருந்தது. வரியைத் திருத்தத் தெரியாதபோது பொருளை எறிந்துவிட்டு இன்னொன்று வாங்கும் பழக்கம் எமக்குள் ஊறிவிட்டது. அதை இந்த அலுமாரியிலிருந்தே மாற்றத் தொடங்கலாம்.

முதலில் இவை என்ன பொருள் என்று தெரியாதவர்களுக்காக. உள்ளங்கை அளவிலான ஒரே பலகையில் புரொசசர், மெமரி, யூஎஸ்பி, நெட்வேர்க் கேபிள் குத்தும் துளை எல்லாம் இருக்கும். 2012 பெப்ரவரி 29 அன்று இங்கிலாந்தில் ராஸ்பெரி பை வெளிவந்தது. பாடசாலைப் பிள்ளைகள் குறைந்த விலையில் கணினி பழக வேண்டும் என்பதே அதன் நோக்கமாக இருந்தது. அதன் பிறகு சீனாவில் பல நிறுவனங்கள் இதே அளவில், இன்னும் குறைந்த விலையில் போர்ட்கள் செய்யத் தொடங்கின. 2021, 2022 காலத்தில் உலகமெங்கும் சிப் தட்டுப்பாடு வந்து ராஸ்பெரி பை கிடைப்பதே கஷ்டமானது. அதே 2022 இல் எமது நாட்டில் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறியது உங்களுக்கு நினைவிருக்கும். அந்த நேரத்தில் எமது பழைய மாணவர்கள் கட்டார் வெயிலில் உழைத்த காசில் வாங்கி அனுப்பியவைதான் இந்தப் பன்னிரண்டும். எமது கையில் இருக்கும் ஓர் அமானிதம். அதனால்தான் இதைச் சும்மா விட மனம் வரவில்லை.

இந்த போர்ட்களுக்கு நெட்வேர்க் ஏன் இவ்வளவு முக்கியம்? யூடியூப் பார்ப்பதற்காக அல்ல. இவற்றில் ஹார்ட் டிஸ்க் இல்லை. மெமரி கார்ட்டிலிருந்துதான் இயங்கும். கரண்ட் போய் வரும் ஓர் அறையில் மெமரி கார்ட்கள் ஒவ்வொன்றாகக் கெட்டுப்போகும். அதற்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. ஒரு பழைய கணினியை சேர்வராக வைத்து, பன்னிரண்டு போர்ட்களும் தமக்கு வேண்டிய மென்பொருளை நெட்வேர்க் கேபிள் வழியாகவே எடுத்துக்கொள்ளும்படி செய்யலாம். கார்ட்டில் ஒரு சின்னத் துண்டு மட்டும் இருந்தால் போதும். பன்னிரண்டு இடத்தில் பராமரிப்பதற்குப் பதிலாக ஓர் இடத்தில் பராமரித்தால் முடிந்தது. ஆனால் அந்தச் சின்னத் துண்டுக்கு நெட்வேர்க் துளையை இயக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

அந்தச் சின்னத் துண்டின் பெயர் பூட்லோடர். காலையில் பாடசாலை கேட்டைத் திறந்து, வகுப்பறைச் சாவிகளை எடுத்து, மணி அடிக்கும் காவலாளியை நினைத்துக்கொள்ளுங்கள். அதிபர் வருவதற்கு முன் அவருடைய வேலை முடிந்திருக்கும். பவர் கொடுத்ததும் புரொசசருக்குள் இருக்கும் நிரந்தர நிரல் கார்ட்டைப் பார்க்கும், பூட்லோடரை எடுக்கும். பூட்லோடர் மெமரியைத் தயார் செய்து, லினக்ஸைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு விலகிவிடும்.

இவ்வகை போர்ட்களில் பெரும்பாலும் பாவிக்கப்படும் பூட்லோடர் யூ-பூட். ஜெர்மனியைச் சேர்ந்த வொல்ப்காங் டெங்க் என்ற பொறியியலாளர் தொடங்கி வளர்த்தது. 2002 இலிருந்து இந்தப் பெயரில் இருக்கிறது. அவர் 2022 இல் காலமானார். யூ-பூட் இன்னும் மூன்று மாதத்துக்கு ஒரு முறை புதிய பதிப்பாக வெளிவருகிறது. அதன் மூல நிரல் முழுவதும் திறந்தது. யாரும் எடுக்கலாம், படிக்கலாம், திருத்தலாம், திருத்தியதைத் திருப்பிக் கொடுக்கலாம்.

இனி எமது போர்ட்களுக்கு என்ன நடந்தது என்று பார்ப்போம். படம் வருகிறது, கீபோர்ட் வேலை செய்கிறது, மவுஸ் ஓடுகிறது. நெட்வேர்க் துளையில் மட்டும் ஒரு வெளிச்சமும் இல்லை. காட்டிய இடத்தில் பார்த்த மாத்திரத்திலேயே "லேன் சிப் போயிட்டு சேர், மாத்துற விலைக்குப் புதுசு எடுக்கலாம்" என்றார்கள். பன்னிரண்டு போர்ட்டிலும் ஒரே சிப் ஒரே நேரத்தில் போகுமா? தரம் 12 மாணவி ஒருவர் கேட்ட கேள்வி இது. சரியான கேள்வி.

அவரும் இன்னும் நான்கு மாணவர்களும் எங்களோடு இரண்டு சனிக்கிழமைகள் இருந்தார்கள். வாங்கியது ஒரேயொரு பொருள்: யூஎஸ்பி சீரியல் கேபிள். இரண்டு பிரியாணிப் பார்சல் விலை. போர்ட்டில் இருக்கும் மூன்று பின்களில் அதை இணைத்து, லேப்டொப்பில் 115200 என்ற வேகத்தைக் கொடுத்தால், பவர் போட்ட நொடியிலிருந்து பூட்லோடர் பேசுவதெல்லாம் திரையில் வரிவரியாக ஓடும். ஒரு கவனம்: கேபிள் 3.3 வோல்ட் வகையாக இருக்க வேண்டும். 5 வோல்ட் கொடுத்தால் உண்மையிலேயே போர்ட் பழுதாகிவிடும்.

ஓடிய வரிகளில் ஒன்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. நெட்வேர்க் சிப் மறுமுனையோடு வேகம் பேசி முடிக்கும்வரை காத்திருப்பதாகவும், நேரம் கடந்துவிட்டதாகவும் யூ-பூட் எழுதியது. அதாவது அது ஏதோ ஒரு சிப்போடு பேசியிருக்கிறது. ஆனால் அந்தச் சிப்பின் மறுபக்கத்தில் கேபிள் இல்லை.

காரணம் இதுதான். எமது போர்ட்டில் உள்ள புரொசசருக்குள்ளேயே 100 மெகாபிட் வேகத்துக்கான நெட்வேர்க் சிப் ஒன்று இருக்கிறது. இதே குடும்பத்து விலை குறைந்த மாடலில் கேபிள் துளை அந்த உள் சிப்போடு இணைந்திருக்கும். எமது மாடலிலோ கேபிள் துளை, 1000 மெகாபிட் வேகத்துக்கான தனியான வெளிச் சிப்போடு இணைந்திருக்கிறது. எமது கார்ட்களில் எழுதப்பட்டிருந்தது அந்த விலை குறைந்த மாடலின் பூட்லோடர். பக்கத்து வீட்டு வயரிங் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு எமது வீட்டில் மெயின் சுவிட்சைத் தேடிய கதைதான். இரண்டு வீடும் ஒரே கொன்ட்ராக்டர் கட்டியது என்பதால் அறைகள் எல்லாம் சரியாக இருந்தன. அதனால்தான் படமும் மவுஸும் வேலை செய்தன.

சரியான மாடலின் பெயரைக் கொடுத்து யூ-பூட்டை மீண்டும் தயாரித்தோம். சாதாரண லேப்டொப்பில் சில நிமிட வேலை. அப்போதும் வெளிச்சம் வரவில்லை. இந்தத் தடவை தேட வேண்டிய இடம் தெரிந்திருந்தது. வெளிச் சிப்புக்குத் தனியாக பவர் போகிறது. அந்த பவரைத் திறந்துவிட புரொசசரின் ஒரு குறிப்பிட்ட பின்னை ஓன் செய்ய வேண்டும். எமது மாடலுக்குரிய அமைப்புக் கோப்பில் அந்தப் பின்னைச் சொல்லும் ஒரே ஒரு வரி விடுபட்டிருந்தது. இதே வகை வேறு போர்ட்களின் கோப்புகளில் அந்த வரி இருக்கிறது. போர்ட்டின் சர்க்கிட் படத்தைப் பார்த்துப் பின்னின் பெயரை உறுதி செய்து, வரியைச் சேர்த்து, மீண்டும் தயாரித்து கார்ட்டில் எழுதினோம். பச்சை வெளிச்சம் வந்தது. சேர்வருக்குப் பிங் போனது.

பன்னிரண்டையும் ஒன்றாக இணைத்ததும் இன்னொரு கோளாறு. ஒன்று வேலை செய்தால் மற்றது விழுகிறது. ஒவ்வொரு நெட்வேர்க் கருவிக்கும் மெக் முகவரி என்று ஓர் இலக்கம் உண்டு. எமது அடையாள அட்டை இலக்கம் மாதிரி, ஒரே ஊருக்குள் இரண்டு பேருக்கு ஒன்றாக இருக்கக் கூடாது. எமது போர்ட்களில் யூ-பூட் இந்த இலக்கத்தைப் புரொசசரின் தனித்த இலக்கத்திலிருந்து உருவாக்கி லினக்ஸுக்குக் கொடுக்கும். ஆனால் முன்பே சேமித்து வைத்த இலக்கம் கார்ட்டில் இருந்தால் அதைத்தான் மதிக்கும். ஒரு கார்ட்டைத் தயார் செய்து மற்றப் பதினொன்றுக்கும் பிரதி எடுத்திருந்தார்கள். ஒரே அடையாள அட்டையோடு பன்னிரண்டு பேர்! சேமித்த அமைப்பை அழித்ததும் ஒவ்வொன்றும் தன் சொந்த இலக்கத்தை எடுத்துக்கொண்டது. இதுவும் பழுது இல்லை. பிரதி எடுத்த விதம்.

மூன்றாவது வகைப் பிழை ஒன்றும் உண்டு. எமது போர்ட்களுக்கு அது வரவில்லை, ஆனால் உலகத்தில் பலருக்கு வந்தது. ஊரில் வேறு யாரிடமாவது இத்தகைய போர்ட் இருந்தால் இது பயன்படும்.

சொல்வதெழுதலை நினைத்துக்கொள்ளுங்கள். ஆசிரியர் சொல்லைச் சொல்கிறார், மேசையில் தட்டுகிறார். தட்டும்போது காதில் விழுவதைப் பிள்ளை எழுத வேண்டும். சொல்லின் நடுவில் தட்டினால் பிள்ளை சரியாக எழுதும். ஒரு சொல் முடிந்து மற்றது தொடங்கும் இடத்தில் தட்டினால் குழம்பிவிடும். புரொசசருக்கும் வெளிச் சிப்புக்கும் இடையில் நடப்பதும் இதுதான். 1000 மெகாபிட் வேகத்தில் ஒவ்வொரு பிட்டும் 4 நானோ செக்கன் மட்டுமே நிற்கும். எனவே தட்டும் ஓசையை ஏறக்குறைய 2 நானோ செக்கன் தாமதப்படுத்த வேண்டும். ஒரு நானோ செக்கன் என்பது ஒரு செக்கனின் நூறு கோடியில் ஒரு பங்கு. இந்தத் தாமதத்தை யார் போடுவது? போர்ட்டின் கம்பித் தடம் போடலாம், புரொசசர் போடலாம், வெளிச் சிப் போடலாம். யாராவது ஒருவர் போட வேண்டும். யாரும் போடாவிட்டாலும் பிழை, இருவர் போட்டாலும் பிழை.

இதைச் சொல்வது போர்ட்டின் விவரக் கோப்பில் உள்ள ஒரு சொல். "ஆர்ஜிஎம்ஐஐ" என்று எழுதினால் சிப் தாமதம் போட வேண்டாம் என்று அர்த்தம். "ஆர்ஜிஎம்ஐஐ-ஐடி" என்றால் சிப்பே இரு பக்கத்துக்கும் போட வேண்டும். இரண்டு எழுத்து வித்தியாசம். 2020 இல் லினக்ஸில் ரியல்டெக் 8211ஈ என்ற சிப்பின் டிரைவரைத் திருத்தினார்கள். அதற்கு முன் அந்த டிரைவர் விவரக் கோப்பில் எழுதியிருந்ததை இந்த விஷயத்தில் கவனிக்கவில்லை. திருத்திய பிறகு கோப்பு சொன்னபடி நடந்தது. உடனே கியூபிட்ரக், பனானா பை எம்2 பிளஸ் போன்ற பல போர்ட்களில் நெட்வேர்க் நின்றுவிட்டது. ஏனென்றால் அவற்றின் கோப்புகளில் ஆரம்பத்திலிருந்தே பிழையான சொல் இருந்தது. யாரும் வாசிக்காத வரை அந்தப் பிழை வெளியே தெரியவில்லை. பிறகு ஒவ்வொரு போர்ட்டின் கோப்பையும் எடுத்து அந்தச் சொல்லைத் திருத்தினார்கள். யாரும் போர்ட்டை மாற்றவில்லை.

இந்தப் பிழைக்கு ஓர் அடையாளம் உண்டு. வெளிச்சம் எரியும், ஆனால் ஒன்றும் போகாது, வராது. பழைய 100 மெகாபிட் சுவிட்சில் குத்தினால் பெரும்பாலும் வேலை செய்யும், புதிய ஜிகாபிட் சுவிட்சில் குத்தினால் செய்யாது. குறைந்த வேகத்தில் தட்டும் நேரத்துக்கு நிறைய இடம் இருப்பதே காரணம். இப்படி ஒரு போர்ட்டைப் பார்த்தால் கேபிளை மாற்றிக் காசை வீணாக்காதீர்கள். அந்தச் சொல்லைப் பாருங்கள்.

இனி எமது கருத்துக்கு எதிராகச் சொல்லப்படுபவை.

"பிள்ளைகள் பரீட்சைக்குப் படிக்கட்டும். இதெல்லாம் சிலபசில் இல்லை." இந்தக் கவலை நியாயமானது. பெறுபேறுதான் எமது பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழகக் கதவு. ஆனால் நெட்வேர்க், ஐபி முகவரி, மெக் முகவரி, இயக்க முறைமை எல்லாம் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பப் பாடத்தில் இருப்பவைதானே. மெக் முகவரி என்றால் என்ன என்று வரைவிலக்கணத்தைப் பாடமாக்கிய பிள்ளை மறந்துவிடும். பன்னிரண்டு போர்ட் ஒரே இலக்கத்தோடு சண்டை பிடித்ததைப் பார்த்த பிள்ளை மறக்காது. இரண்டு சனிக்கிழமைகளுக்கு இது பெரிய விலை இல்லை.

"புதியது வாங்கினால் தலைவலி இல்லையே." இருக்கிறது. இன்று வாங்கும் புதிய மாடலுக்கும் ஒரு பூட்லோடர் உண்டு, ஒரு விவரக் கோப்பு உண்டு. விற்பவர்கள் தரும் மென்பொருள் பல நேரங்களில் ஒரு முறை வெளியிட்டுவிட்டு மறந்துவிட்ட பழைய பதிப்பாக இருக்கும். வரியை வாசிக்கத் தெரியாவிட்டால் மூன்று வருடத்தில் அந்தப் புதியவையும் இதே அலுமாரிக்குத்தான் வரும். அப்போது மீண்டும் கட்டாரில் இருக்கும் பிள்ளைகளுக்கு வொய்ஸ் மெசேஜ் அனுப்புவோமா?

"பூட்லோடரில் கை வைத்தால் போர்ட் முழுதாகச் செத்துவிடும்." மெமரி கார்ட்டிலிருந்து இயங்கும் போர்ட்டில் இந்தப் பயம் தேவையில்லை. பிழையாக எழுதினால் கார்ட்டைக் கழற்றி மீண்டும் எழுதலாம். புரொசசருக்குள் இருக்கும் நிரந்தர நிரலை யாராலும் அழிக்க முடியாது. பலகையிலேயே பொருத்திய மெமரியில் பூட்லோடர் இருக்கும் மாடல்களில்தான் அவதானம் வேண்டும்.

எல்லாப் பழுதையும் வரிகளால் திருத்தலாம் என்றும் நாங்கள் சொல்லவில்லை. இடி மின்னலில் உண்மையிலேயே எரிந்துபோன நெட்வேர்க் சிப்களும் உண்டு. சரியான பூட்லோடர் போட்டு, பவர் போகிறதா என்று மீட்டரால் பார்த்து, அதன் பிறகும் சிப் தன் அடையாள இலக்கத்தைக் கூடச் சொல்லவில்லை என்றால் அது பழுது என்று ஏற்றுக்கொள்வோம். எமது கோரிக்கை, அந்தத் தீர்ப்பு இந்தச் சோதனைகளுக்குப் பிறகு வர வேண்டும் என்பது மட்டும்தான்.

இன்னொரு விஷயத்தையும் ஊர் சிந்திக்க வேண்டும். விடுபட்டிருந்த அந்த ஒரு வரி எமது கார்ட்களில் மட்டும் திருந்தினால் போதாது. இதே மாடலை வாங்கிய ஒரு பாடசாலை கிண்ணியாவிலோ, புத்தளத்திலோ, ஆபிரிக்காவின் ஏதோ ஒரு மூலையிலோ இருக்கலாம். அவர்களுக்கும் "லேன் சிப் போயிட்டு" என்றுதான் சொல்லப்பட்டிருக்கும். யூ-பூட் திறந்த மூல நிரல் என்பதால், எமது திருத்தத்தை அதைப் பராமரிப்பவர்களுக்கு அனுப்பலாம். அவர்கள் பரிசீலித்து ஏற்றுக்கொண்டால், அடுத்த பதிப்பிலிருந்து உலகத்தில் யார் எடுத்தாலும் அந்த வரி உள்ளே இருக்கும். அனுப்பியவரின் பெயரும் அந்தத் திருத்தத்தோடு பதிவாகி நிற்கும். அந்தப் பெயர் எமது தரம் 12 மாணவியின் பெயராக இருக்க வேண்டும் என்பது எங்கள் விருப்பம். பெற்றோரின் சம்மதத்தோடு அதற்கான குறிப்பை இப்போது அவரே எழுதிக்கொண்டிருக்கிறார்.

"நாமெல்லாம் பாவிக்கிற ஆட்கள், செய்கிற ஆட்கள் வேறு" என்று நினைப்பவர்களுக்கு எமது நாட்டு உதாரணம் ஒன்று. 2004 டிசம்பர் 26 சுனாமி எமது கரையில் என்ன செய்தது என்று இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. அது நடந்த சில வாரங்களுக்குள், காணாமல் போனோரையும் முகாம்களையும் உதவிகளையும் பதிவு செய்ய இலங்கையின் தொண்டர்கள் சஹானா என்ற திறந்த மூல மென்பொருளை உருவாக்கினார்கள். பிறகு வேறு நாடுகளின் அனர்த்தங்களிலும் அது பயன்பட்டது. சமூக நன்மைக்கான திட்டம் என்று சுதந்திர மென்பொருள் அறக்கட்டளை 2006 ஆம் ஆண்டு விருதை அதற்கு வழங்கியது. அவர்கள் கொடுத்தது ஒரு முழு மென்பொருள். நாங்கள் கேட்பது ஒரு வரிக்கான முயற்சி.

ஆகவே கூட்டத்தில் நாங்கள் முன்வைக்கப்போவது மூன்று விடயங்கள்.

ஒன்று, புதிய போர்ட்களுக்கான நிதி சேகரிப்பை இந்தத் தவணை முடியும்வரை நிறுத்தி வைப்போம். திருத்திய பன்னிரண்டும் அதுவரை தினமும் ஓடட்டும். ஓடவில்லை என்றால் நாங்களே புதியவற்றுக்குக் கையுயர்த்துவோம்.

இரண்டு, அந்தப் பணத்தில் ஒரு சிறு பங்கை எடுத்து நான்கு சீரியல் கேபிள், ஒரு மல்டிமீட்டர், ஒரு நல்ல சுவிட்ச், சேர்வருக்கு ஒரு யூபிஎஸ் வாங்குவோம். மாதத்தில் ஒரு சனிக்கிழமை கணினி அறையை ஊருக்குத் திறந்து வைப்போம். வீட்டில் "செத்துப்போன" ரவுட்டர், டீவி பொக்ஸ் இருப்பவர்கள் கொண்டு வாருங்கள். அவற்றிலும் பூட்லோடர் இருக்கிறது, பலவற்றில் இதே யூ-பூட்தான்.

மூன்று, இனி யார் எமக்குக் கருவிகள் அன்பளிப்புச் செய்ய முன்வந்தாலும், வாங்குமுன் ஒரு கேள்வியைக் கேட்கச் சொல்வோம்: இந்த மாடலுக்கு யூ-பூட்டிலும் லினக்ஸிலும் பொது ஆதரவு இருக்கிறதா, சர்க்கிட் படம் வெளியிடப்பட்டிருக்கிறதா? எமது போர்ட்டின் சர்க்கிட் படம் கிடைத்திருக்காவிட்டால் அந்தப் பின்னை நாங்கள் கண்டுபிடித்திருக்க மாட்டோம். விலை கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை, திறந்து பார்க்கக் கூடிய பொருளை வாங்குவோம்.

கட்டாரில் இருக்கும் எமது பழைய மாணவர்களுக்கு: நீங்கள் அனுப்பியது வீண்போகவில்லை. பன்னிரண்டும் இப்போது ஓடுகின்றன. லீவில் ஊருக்கு வரும்போது கணினி அறைக்கு ஒரு தடவை வந்து பாருங்கள்.

மாற்றுக் கருத்து உள்ளவர்கள் கீழே தாராளமாக எழுதுங்கள். கூட்டத்துக்கு வந்தும் சொல்லுங்கள். பெற்றோர்களின் வட்ஸ்அப் குழுக்களிலும் பகிர்ந்துவிடுங்கள்.